காதில்லாத ஆவாரை

1

கடந்த ஆகஸ்டில் நாங்கள் இந்த ஊருக்கு வந்து இருபத்தொன்பது வருடம் நிறைந்தது. அன்று காலை வேலியோரம் நின்ற செடியை வேரோடு பிடுங்கி, வெட்டி, இரண்டு கறுப்புப் பைகளில் கட்டி வைத்தேன். வெட்டுவதற்கு முன் அளந்தேன்: நான்கு அடி இரண்டு அங்குலம். பத்தொன்பது மாதமாக ஒன்றாம் தேதி தவறாமல் அளந்த கை அன்றும் சும்மா இருக்கவில்லை.

ஊரின் பெயர் டவுன்ஸ்வில். ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் கரை. வரைபடத்தில் பார்த்தால் கடலோரம், செழிப்பு என்று நினைப்பீர்கள். மழை நான்கு மாதம் கொட்டும். மீதி எட்டு மாதம் வானம் வெறும் நீலம். தோட்டத்துக்குத் தண்ணீர் விடக்கூட முறைநாள் உண்டு. வீட்டு எண் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்த்துத்தான் குழாயைத் திறக்கவேண்டும். எங்கள் எண் பதினான்கு.

சில வருடங்களுக்கு முன் நகராட்சியிலிருந்து ஒரு துண்டறிக்கை வந்தது. வறட்சியைத் தாங்கும் பூஞ்செடிகளை நடுங்கள், தண்ணீரை மிச்சப்படுத்துங்கள் என்று. படத்தோடு பதினாறு செடிகள். எல்லாமே எனக்குத் தெரியாதவை. தண்ணீரே காட்டாமல் பூக்கிற செடி எனக்கும் ஒன்று தெரியுமே என்று நினைத்தேன். அன்றைய நாட்குறிப்பில் ஒரே ஒரு சொல் இருக்கிறது: ஆவாரை.

2

தென்காசிப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. எங்கள் இலஞ்சியில் ஆவாரை அதிகம் கிடையாது. அது சாரல் நனைக்கிற பக்கம், தென்னையும் நெல்லும்தான். ஆவாரை பார்க்கவேண்டுமானால் கிழக்கே போகவேண்டும். கல்யாணத்துக்கு முன் இரண்டு வருடம் நான் வீரகேரளம்புதூரில் ஒரு பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். தென்காசியில் பஸ் மாறிப் போகவேண்டும். சாரல் விட்டுப்போகும் இடம் ஒன்று வரும். அதன் பிறகு செம்மண்ணும் வெயிலும்தான். சாலையின் இரண்டு பக்கமும் மஞ்சளாகப் பூத்து நிற்கும்.

இதை இங்கே எழுதும்போதுதான் ஒன்று உறைக்கிறது. இரண்டு வருடமும் நான் ஆவாரையைப் பார்த்தது பஸ் ஜன்னல் வழியாக. பொங்கலுக்குக் காப்புக் கட்ட வாங்கியது சந்தையில், வேப்பிலையோடு சேர்த்துக் கட்டிய கொத்து. ஒருநாளும் செடியின் அருகில் போய் நின்றதில்லை. ஒரு இலையைக்கூடத் திருப்பிப் பார்த்ததில்லை.

கடைசியாக ஊருக்குப் போனபோது தம்பி குமாரிடம் விதை கேட்டேன். குமார் போலீஸில் ஏட்டு. சாரல் காலத்தில் அவனுக்குக் குற்றாலத்தில் அருவிப் பந்தோபஸ்து இருக்கும். ஓய்வு கிடைத்த ஒருநாள் பைக்கில் போய், வீரகேரளம்புதூருக்குச் சாலை பிரிகிற வீ.கே.புதூர் விலக்கில் பறித்து, செய்தித்தாளில் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தான். பன்னிரண்டு விதை. பட்டுப்புடவையின் மடிப்புக்குள் வைத்தேன்.

விமானத்தில் கொடுக்கிற அட்டையில் ஒரு கேள்வி உண்டு: விதைகள், செடிகள் ஏதும் வைத்திருக்கிறீர்களா? 'இல்லை' என்ற கட்டத்தில் குறியிட்டேன். தெரிந்தே ஒரு படிவத்தில் நான் தவறாக எழுதியது வாழ்நாளில் அந்த ஒரு கட்டத்தில்தான்.

நவம்பரில் வேலியோரம் ஒரே வரிசையில் ஊன்றினேன். ஜனவரி மழையில் முளை வந்தது. ஒன்றே ஒன்று. அதற்குப் பிறகு நான் எழுதாத நாள் குறைவு. முதல் இலை, உயரம், முதல் மொட்டு, பூவின் எண்ணிக்கை. வெயில் ஏறிய வாரங்களில் 'வாடியது. தண்ணீர் விட்டேன்' என்ற வரி திரும்பத் திரும்ப வரும். முறைநாள் இல்லாத நாளில் பாத்திரம் கழுவிய தண்ணீரை எடுத்துப்போய் விட்டிருக்கிறேன். வறட்சியைத் தாங்கும் செடிக்கு ஏன் இவ்வளவு தண்ணீர் என்று ஒருநாளும் கேட்டுக்கொள்ளவில்லை. புதிய மண், பழகட்டும் என்று நினைத்தேன். நாங்களும் அப்படித்தானே பழகினோம்.

3

மீனா எங்கள் ஒரே மகள். இங்கேயே பிறந்தவள், வயது இருபத்தேழு. கணவன் டானியல் இந்த ஊர்க்காரன், மின்பணியாளன். எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் முப்பத்தைந்து நிமிடத்தில் இருக்கிறார்கள். நான் தமிழில் பேசினால் அவளுக்கு எல்லாம் புரியும். பதில் ஆங்கிலத்தில் வரும். அவளிடம் தங்கிய தமிழ்ச் சொற்களை விரல்விட்டு எண்ணலாம். அதில் ஒன்று 'வெறுங்கை'. சிறுவயதில் யார் வீட்டுக்கு அழைத்துப் போனாலும், "ஒரு வீட்டுக்கு வெறுங்கையோட போவக்கூடாது" என்று சொல்லி அவள் கையிலும் ஒரு பழமாவது கொடுத்துவிடுவேன். எதற்கு என்று கேட்டுக்கொண்டே எடுத்துக்கொண்டு வருவாள்.

என் நாட்குறிப்பில் அவள் வீட்டுக்குப் போகிற நாட்களில் ஒரு வரி தனியாக இருக்கும். 'கொண்டு போனது' என்று. முறுக்கு, ரசப்பொடி, எலுமிச்சை ஊறுகாய், கறிவேப்பிலை ஒரு கட்டு. அவள் தனிவீடு போன இந்த ஏழு வருடத்தில் அந்த வரி ஒருநாளும் காலியாக இருந்ததில்லை.

அவள் கர்ப்பமாகி ஆறாவது மாதத்தில் இருந்தபோது ரத்தத்தில் சர்க்கரை கொஞ்சம் கூடுதல் என்றார்கள். ஆபத்தில்லை, உணவைக் கவனித்தால் போதும் என்று சொல்லியிருந்தார்கள். எனக்குப் போதவில்லை. ஊரில் சர்க்கரை என்றால் ஆவாரம்பூத் தண்ணீர்தானே. எங்கள் பள்ளி அலுவலகத்திலேயே மூன்று பேர் குடிப்பார்கள். இருபது நாள் பூ பறித்து, நிழலில் காயவைத்து, ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டு மூடி, பறித்த தேதியை ஒட்டிக் கொண்டுபோனேன்.

மீனா மூடியைத் திறந்து முகர்ந்து முகம் சுளித்தாள். பழைய வேர்க்கடலை வாடை அடிக்கிறது என்றாள். பூ என்றால் மணக்கத்தான் வேண்டுமா என்று கேட்டேன். நானும்தான் குடிக்கிறேன், வயிறு சுத்தமாகிறது என்று சொன்னேன். அது உண்மை. மிகவும் சுத்தமானது. என் நாட்குறிப்பில் அதுவும் இருக்கிறது.

எனக்காகக் குடித்தாள். ஏழு நாள்.

4

எட்டாம் நாள் மதியம் டானியல் கூப்பிட்டான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கிறாள், வயிற்றுப்போக்கு நிற்கவில்லை, அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போகிறேன் என்றான். நான் போய்ச் சேர்ந்தபோது கையில் ஊசி ஏறியிருந்தது. வயிற்றின் மேல் பட்டை கட்டி, பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். குதிரை ஓடுகிற மாதிரி ஒரு சத்தம். அது நிற்காமல் ஓடவேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு எண்ணம் இல்லை.

செவிலி படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். மூலிகை மருந்து ஏதும் எடுத்ததுண்டா என்று கேட்டாள். மீனா கண்ணை மூடியிருந்தாள். நான் 'நோ' என்றேன். மறைக்கவேண்டும் என்று சொல்லவில்லை. மருந்து என்றால் எனக்குக் கஷாயம், லேகியம், மாத்திரை. பூத் தண்ணீர் டீயில் சேரும். டானியல்தான் மெதுவாக, "அந்த ஜாடி?" என்றான்.

செவிலி என் பக்கம் திரும்பி, செடியின் பெயர் என்ன என்றாள்.

"ஆவாரை."

"அவேர்?"

"ஆவாரை."

அவள் எழுதுவதை நிறுத்தி, "எதைப் பற்றி அவேர்?" என்று கேட்டாள். கேலி செய்யவில்லை, உண்மையாகவே புரியவில்லை. இருபத்தொன்பது வருடத்தில் என் ஆங்கிலத்தைப் பலர் தவறாகக் கேட்டிருக்கிறார்கள். என் தமிழை ஒருவர் ஆங்கிலமாகக் கேட்டது அன்றுதான்.

பிறகு மருத்துவர் வந்தார். இளம்பெண். மஞ்சள் பூப் பூக்கும் இந்த வகைச் செடிகள் நிறைய உண்டு, சிலது வயிற்றைக் கலக்குவதோடு விடும், சிலது ஈரலைத் தாக்கும், எது என்று உறுதியாகத் தெரியவேண்டும் என்றார். ஒரு கிளை கொண்டுவர முடியுமா என்று கேட்டார். என் கணவர் வேலையிலிருந்து நேராக வீட்டுக்குப் போய் வெட்டிக் கொண்டுவந்தார். டானியல் தன் போனில் படம் பிடித்துத் தேடினான். மூன்று பெயர் காட்டியது; மூன்றும் சந்தேகத்தோடு. மருத்துவர் என்னிடம், உங்களுக்கு உறுதிதானா என்று கேட்டார்.

பத்தொன்பது மாதக் கணக்கு வைத்திருந்த நான், தம்பியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

5

கிளையை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்க் குமாரைக் கூப்பிட்டேன். தென்காசியில் அப்போது காலை பத்தரை. நல்ல சாரல் நாள். மெயின் அருவியில் வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தான். போனை எடுத்ததும் அருவிச் சத்தம்தான் முதலில் வந்தது.

"ஏக்கா, ஒண்ணும் கேக்காது. தண்ணி நல்லா விழுது. சாயங்காலம் பேசுதேன்."

மீனா ஆஸ்பத்திரியில் என்றேன். அது கேட்டுவிட்டது. எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் உட்காரும் பக்கமாக ஒதுங்கி வருவது தெரிந்தது. நடந்ததை மூன்று வரியில் சொன்னேன். அந்த விதையை எங்கே எடுத்தாய் என்று கேட்டேன்.

"காது இருக்கா?" என்றான்.

"எனக்கு நல்லாக் கேக்குது. உனக்குத்தான் கேக்கல. விதை, விதை."

"உன் காதைக் கேக்கலக்கா. செடிக்குக் காது இருக்கான்னு கேக்குதேன்."

"செடிக்கு என்னலே காது?"

"இலை கெளம்புத எடத்துல ரெண்டு பக்கமும் குட்டிக் காது மாதிரி வட்டமா, தண்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்லா. அது இருந்தா ஆவாரை. இல்லைன்னா அது பேயாவாரை. ஆடுகூட மூஞ்சியத் திருப்பிக்கிடும்."

கிளை என் மடியில் இருந்தது. ஒவ்வொரு இலைக்காம்பின் அடியிலும் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். ஒன்றிலும் காது இல்லை. காம்பு தண்டோடு வழவழவென்று சேர்ந்திருந்தது.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அப்படியானால் நீ கொடுத்ததே பேயாவாரை விதை, வீ.கே.புதூர் வரை போகச் சோம்பல்பட்டு, குற்றாலத்து ரோட்டோரம் கையில் அகப்பட்டதை உருவிக்கொண்டு வந்திருக்கிறாய் என்றேன். பிள்ளைக்கு ஏதாவது ஆனால் உன்னைச் சும்மா விடமாட்டேன் என்றும் சொன்னேன். நாற்பத்தெட்டு வயதுத் தம்பியிடம்.



"இருபத்தஞ்சு வருஷமா நான் ஆளுகளை விசாரிக்கேன்," என்றான். "இன்னைக்கு நீ என்னைய விசாரிக்க. சரிக்கா. மொதல்ல போய் டாக்டரம்மாட்ட பேயாவாரைன்னு சொல்லு. நாளைக்கு நான் சாட்சியோட வாரேன்."

உள்ளே போய்ச் சொன்னேன். பேயாவாரை என்ற பெயரை வைத்து டானியல் தேட, மூன்று பெயரில் ஒன்று அதோடு பொருந்தியது. மருத்துவர் படத்தையும் கிளையையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, ஈரலுக்கு ரத்தப் பரிசோதனை எழுதினார்.

6

மூன்றாம் நாள் மீனாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஈரலில் கோளாறு இல்லை. பிள்ளையின் துடிப்பும் சரியாக இருந்தது. செடிதான் காரணமா, வேறு தொற்றா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். அசல் ஆவாரையாகவே இருந்தாலும் கர்ப்பத்தில் கேட்காமல் கொடுத்திருக்கக்கூடாது என்பதையும் சொன்னார். அது என் காதில் சரியாக விழுந்தது.

குமார் சொன்னபடி சாட்சி அனுப்பியிருந்தான். வீ.கே.புதூர் விலக்கு, பெயர்ப்பலகையோடு ஒரு படம். அதே செடி, அளவு தெரியட்டும் என்று பக்கத்தில் தன் லத்தியைச் சாத்தி வைத்திருந்தான். காம்படியில் காது, நெருக்கத்தில் ஒரு படம். தட்டையான, காகிதம் மாதிரிக் காய். உள்ளங்கையில் விதை. பிறகு ஒரு குரல் பதிவு: "யக்கா, இந்தச் செடியிலதான் அன்னைக்கும் பறிச்சேன். விதையை வெந்நீருல ஊறப்போட்டுத்தானே ஊனுன? மேல்தோடு கல்லு மாதிரி இருக்கும்லா. சும்மா ஊனுனா அது பாட்டுக்குக் கெடக்கும்."

ஊறப்போடவில்லை. எனக்குத் தெரியாது.

அன்று பிற்பகல் நாட்குறிப்புகளை எடுத்து முதலிலிருந்து வாசித்தேன். எழுதுவதற்காகத் திறந்திருக்கிறேனே தவிர, வாசிப்பதற்காகத் திறந்தது அதுவே முதல்முறை. நவம்பர்: 'பன்னிரண்டு விதை, ஒரே வரிசை.' டிசம்பர்: 'முளைப்பு இல்லை', நான்கு இடத்தில். ஜனவரி: 'ஆறு நாள் மழை. வேலியோரம் தண்ணீர் ஓடியது. வரிசையிலிருந்து ஒரு சாண் தள்ளி ஒரு முளை. ஆவாரை முளைத்தது.'

ஒரு சாண் தள்ளி. நான்தான் எழுதியிருக்கிறேன். மார்ச்சில், 'இலைக்கு ஐந்து ஜோடிச் சிற்றிலை, நுனி கூர்மை' என்று இருக்கிறது. குமாரின் படத்தில் எண்ணினேன். பத்து ஜோடி, நுனி மழுக்கை. வாடியது, வாடியது என்று பக்கம்பக்கமாக இருக்கிறது. வாடையும் இருக்கிறது, 'சற்றே நாற்றம்' என்று. எல்லாவற்றையும் சரியாக எழுதியிருக்கிறேன். பெயரை மட்டும் பார்த்து எழுதவில்லை, ஆசைப்பட்டு எழுதியிருக்கிறேன். அன்று எழுதியிருக்க வேண்டியது: ஒரு செடி முளைத்தது.

குமாரைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். "வழக்கு வாபஸா? சரி, பிள்ளைய நல்லாப் பாத்துக்க," என்று மட்டும் சொன்னான். சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

விதை மண்ணில் இன்னும் உயிரோடு கிடக்கலாம் என்பதால் மறுநாளே வெளிநாட்டு விதைகளைத் தடுக்கிற அலுவலகத்துக்குப் போன் செய்து, அட்டையில் பொய்க்குறி இட்டதையும் சேர்த்துச் சொன்னேன். ஒரு அதிகாரி வந்தார். ஊன்றிய வரிசையில் ஒரு அடி ஆழத்துக்கு மண்ணை அள்ளிப் பையில் கட்டினார். எச்சரிக்கைக் கடிதம் வரும் என்றார், வந்தது. வேலியோரச் செடியைக் காட்டி, இதுவும் இந்தியாவிலிருந்து வந்ததாகத்தான் எழுதவேண்டுமா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். இது இந்த ஊர்ச் சாக்கடையோரம் எல்லாம் நிற்கிற களை, நீங்கள் வருவதற்கு ரொம்ப முன்னாலிருந்தே நிற்கிறது, பிடுங்கிப் பையில் கட்டிப் போடுங்கள் என்றார்.

ஊரிலிருந்து ஒளித்துக் கொண்டுவந்த பன்னிரண்டும் முளைக்கவே இல்லை. பக்கத்துச் சாக்கடையிலிருந்து மழை அடித்துக்கொண்டு வந்த ஒன்றுக்கு நான் ஊர்ப் பெயர் வைத்து, தண்ணீர் ஊற்றி, பூப் பறித்து என் மகளுக்குக் கொடுத்திருக்கிறேன்.

7

மீனாவின் பிள்ளைப்பேற்றை நான் பார்ப்பதாக மார்ச்சிலேயே பேச்சு. அவள் வீட்டில் நாற்பது நாள் தங்குவதற்கு எல்லாம் எழுதி வைத்திருந்தேன். பேறுகால மருந்துக்கான சாமான்கள் பதினேழு, பத்தியச் சமையல் நாள்வாரியாக. ஆஸ்பத்திரிக்குப் பிறகு அந்தப் பேச்சு நின்றுவிட்டது. மீனா ஞாயிறுதோறும் கூப்பிடுவாள். பத்து நிமிடம் வானிலை. டானியலிடம் கேட்டேன். பார்க்கலாம் என்று மரியாதையாகச் சொன்னான். இந்த ஊரில் 'பார்க்கலாம்' என்றால் என்ன என்பது இவ்வளவு வருடத்தில் எனக்குத் தெரியும். சாமான் பட்டியலை ஒரே கோடாக அடித்தேன்.

செப்டம்பர் கடைசி வாரம், திங்கட்கிழமை காலை, மீனாவே கூப்பிட்டாள். கால் வீங்கியிருக்கிறது, டானியலுக்கு விடுப்பு இனிமேல்தான், தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது, வரமுடியுமா என்றாள். எல்லாம் ஆங்கிலத்தில். உடனே வருகிறேன் என்று சொல்லிவிட்டு, என்ன கொண்டுவரட்டும் என்று வாய் தானாகக் கேட்டுவிட்டது.

பதில் தமிழில் வந்தது.

"வெறுங்கையோட வாம்மா."

மாற்றுத் துணி மட்டும் வைத்த பையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வாசலில் இருந்து இரண்டு முறை திரும்பி வந்தேன். ஒருமுறை கறிவேப்பிலை பறிக்க, பறிக்காமல் போனேன். இன்னொரு முறை எலுமிச்சையை எடுத்து, எடுத்த இடத்திலேயே வைத்தேன். பஸ்ஸில் முப்பத்தைந்து நிமிடமும் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

கதவைத் திறந்தவள் முதலில் என் கையைப் பார்த்தாள். பிறகு பையைப் பார்த்தாள். பிறகுதான் முகத்தை. உள்ளே வந்ததும் டீ போட்டுத் தரட்டுமா என்று கேட்டேன். கேட்ட பிறகு அந்தச் சொல்லே எனக்குப் பயமாக இருந்தது. அவள் அலமாரியைத் திறந்து, கடையில் வாங்கிய டீப் பொட்டலத்தை எடுத்து, எழுத்து என் பக்கம் இருக்கும்படி மேசையில் வைத்தாள்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன். பெயர், உள்ளே இருப்பது, எங்கே விளைந்தது, எந்தத் தேதிக்குள் குடிக்கவேண்டும். வாய்விட்டு, ஒரு வரி விடாமல். அவள் வயிற்றில் கை வைத்தபடி நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்ததும் தலையை ஆட்டினாள். வெந்நீர் வைத்தேன்.

கோப்பையை அவள் கையில் கொடுத்துவிட்டு, அவள் முதல் வாய் குடிக்கும்வரை நான் உட்காரவில்லை.

அன்றைய குறிப்பு: கொண்டு போனது: ஒன்றுமில்லை. மீனா குடித்தது: அரைக் கோப்பை.